பிடித்துக்கொண்ட டாப் பம்ப்: 1965 இம்பாலாவில் கழற்றிச் சரிசெய்யும் முறை

கேள்வி சுருக்கமாக இது. ஹூஸ்டனில் இருக்கும் ஒருவர் 1965 செவர்லே இம்பாலா கன்வர்ட்டிபிள், அதாவது கூரை மடங்கும் கார், வாங்கியிருக்கிறார். பன்னிரண்டு வருடம் ஷெட்டில் நின்ற கார். இன்ஜின் நன்றாக ஓடுகிறது. கூரை சுவிட்சை அழுத்தினால் மட்டும் பின்சீட்டுக்குப் பின்னால் 'ம்ம்ம்' என்று ஒரு முனகல், டேஷ்போர்டு விளக்கு மங்குகிறது, சில விநாடிகளில் 'டக்' என்று எல்லாம் அடங்கிவிடுகிறது. கூரை ஓர் அங்குலம்கூட நகரவில்லை. வொர்க்‌ஷாப்பில் பார்த்துவிட்டு "பம்ப் போயிடுச்சு, புதுசு போடுங்க" என்று சொல்லிவிட்டார்கள். கூரையை ஏற்றி இறக்கும், காரோடு வந்த அந்த ஹைட்ராலிக் பம்பையே காப்பாற்ற முடியுமா என்று கேட்கிறார்.

பெரும்பாலும் முடியும். ஆனால் முதலில் ஒன்று: இதைப் படித்து முடிக்கும்வரை அந்த சுவிட்சைத் தொடாதீர்கள். சுற்ற முடியாமல் நிற்கும் மோட்டாருக்குள் போகிற கரண்ட் முழுவதும் சூடாகத்தான் மாறும். கொஞ்ச நேரம் ஓடி நிற்பதற்கென்றே செய்த மோட்டார் இது. பிடித்துக்கொண்ட நிலையில் "ஒருவேளை விட்டுக்கொடுக்குமோ" என்று திரும்பத் திரும்ப அழுத்தினால், காயிலின் மேல் இருக்கிற வார்னிஷ் கருகிவிடும். பிசின் பிடித்த பம்பைக் கழுவி எடுக்க ஒரு வாரக்கடைசி போதும். காயில் கருகிய மோட்டாருக்கு ரீவைண்டிங் செய்யும் ஆளைத் தேட வேண்டும். நீங்கள் சொல்லும் அந்த 'டக்' சத்தம் சர்க்யூட் பிரேக்கர் சூடாகி விழுவது. அது வேலை செய்வதால்தான் உங்கள் மோட்டார் இன்னும் பிழைத்திருக்க வாய்ப்பு இருக்கிறது.

கை வைப்பதற்கு முன்னால் பம்ப் எப்படி வேலை செய்கிறது என்று மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு 12 வோல்ட் மோட்டார். அதன் முனையில் பம்ப். பம்பின் மறுபக்கம் ஆயில் தொட்டி, அதாவது ரிசர்வாயர். பம்புக்குள் ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு ரோட்டர்கள். உள்ளே இருப்பதற்கு வெளியே இருப்பதைவிட ஒரு பல் குறைவு. அதனால் இரண்டும் சேர்ந்து சுற்றும்போது பற்களுக்கு நடுவில் உள்ள இடம் ஒரு பக்கம் விரிந்து ஆயிலை இழுக்கிறது, மறுபக்கம் சுருங்கி ஆயிலைத் தள்ளுகிறது. மோட்டார் ஒரு பக்கமாகச் சுற்றினால் ஒரு குழாயில் அழுத்தம், திருப்பிச் சுற்றினால் அடுத்த குழாயில். மோட்டாரிலிருந்து சிவப்பு, பச்சை என்று இரண்டு வயர் வருவது இதற்குத்தான்: தூக்க ஒன்று, இறக்க ஒன்று. எர்த் மோட்டாரின் உடம்பு வழியாகப் போகிறது.

கூரையின் இரண்டு பக்கமும் ஒவ்வொரு சிலிண்டர் இருக்கிறது. அடிப்பக்கம் ஆயில் போனால் தண்டு வெளியே வந்து கூரையைத் தூக்கும், மேல்பக்கம் போனால் தண்டு உள்ளே இழுத்துக்கொள்ளும். இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. மேல்பக்கத்தில் தண்டே கொஞ்சம் இடத்தை அடைத்துக்கொண்டிருப்பதால் அங்கே கொள்ளும் ஆயில் குறைவு, அடிப்பக்கம் கொள்வது அதிகம். எனவே கூரை எழும்போது மேலிருந்து திரும்பி வரும் ஆயில் மட்டும் போதாது, மீதியை ரிசர்வாயரிலிருந்து எடுக்க வேண்டும். இறங்கும்போது மிஞ்சியது ரிசர்வாயருக்குத் திரும்ப வேண்டும். இந்தக் கொடுக்கல் வாங்கலைப் பார்த்துக்கொள்வது பம்புக்குள் இருக்கிற இரண்டு சின்ன எஃகுக் குண்டுகள். பம்பைத் திறக்கும்போது முதலில் தொலைவதும் அவைதான். அதைப் பிறகு சொல்கிறேன்.

இனி, பிடித்துக்கொண்டது பம்ப்தானா என்று உறுதி செய்ய வேண்டும். பம்பைக் கழற்றுவது அரை நாள் வேலை. கழற்றிப் பார்த்து, பம்ப் நன்றாக இருந்து, கூரையின் கீல் துருப்பிடித்திருந்தால் அந்த அரை நாள் வீண். காதால் கேட்டே பாதி சொல்லிவிடலாம். மோட்டார் 'விர்' என்று வேகமாக ஓடி, கூரை மட்டும் அசையாமல் இருந்தால் ஆயில் இல்லை, அல்லது காற்று அடைத்திருக்கிறது. அது வேறு வியாதி. சத்தமே இல்லை என்றால் வயர், சுவிட்ச், எர்த், பிரேக்கர் என்று தேட வேண்டும். உங்களுடையதைப் போல முனகி, விளக்கு மங்கினால் கரண்ட் போகிறது, மோட்டார் தள்ளப் பார்க்கிறது, ஏதோ ஒன்று விடமாட்டேன் என்கிறது.

அந்த 'ஏதோ ஒன்று' மூன்று இடத்தில் இருக்கலாம். ஒன்று, வெளியே: கூரைச் சட்டம், சிலிண்டர், ஹோஸ். இரண்டு, பம்ப். மூன்று, மோட்டார். முதலில் வெளியே இருப்பதை ஒதுக்குங்கள். முன்கண்ணாடிக்கு மேலே உள்ள கொக்கிகளைத் திறந்துவிட்டு, இரண்டு சிலிண்டரின் தண்டையும் கூரைச் சட்டத்திலிருந்து கழற்றுங்கள். ஒன்றை மட்டும் கழற்றிவிட்டு சுவிட்சைத் தொடவே கூடாது. ஒரு பக்கம் தள்ளி, மறுபக்கம் நின்றால் சட்டம் முறுக்கிக்கொள்ளும். இரண்டையும் கழற்றியபின் இன்னொருவரைத் துணைக்கு வைத்துக்கொண்டு கூரையைக் கையால் தூக்கிப் பாருங்கள். கனமாக ஆனால் சீராக நகர்ந்தால் சட்டம் சரி. மூட்டுகளுக்கு நடுவில் விரலை விடாதீர்கள். கத்தரிக்கோல் போலத்தான் அவை மூடும்.

சட்டம் சரி என்றால் பம்பில் ஹோஸ் நட்டைக் கொஞ்சம் தளர்த்தி, கீழே துணி வைத்து, ஒரே ஒரு விநாடி சுவிட்சைத் தட்டுங்கள். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு செய்யுங்கள். இப்போது மோட்டார் சுற்றினால் அடைப்பு ஹோஸிலோ சிலிண்டரிலோ இருக்கிறது. பழைய ரப்பர் ஹோஸ் வெளியே பார்க்க நன்றாகவே இருக்கும், உள்ளே வீங்கி ஊசித் துவாரம் அளவுக்கு அடைத்திருக்கும். தளர்த்தியும் அதே முனகல்தான் என்றால் பம்ப் அல்லது மோட்டார். கடைசியாக, அதே தட்டலில் மோட்டார் வயரில் மல்டிமீட்டரை வைத்து வோல்ட் பாருங்கள். டெஸ்ட் லாம்ப் இந்த இடத்தில் ஏமாற்றும்: அரித்துப்போன கனெக்டர் வழியாகவும் அது பளிச்சென்று எரியும், ஆனால் அந்த கனெக்டரால் மோட்டாருக்கு வேண்டிய கரண்டைக் கொடுக்க முடியாது. ஜெனரல் மோட்டார்ஸ் கார்களுக்கு பாடி கட்டிய ஃபிஷர் பாடி பிரிவின் கையேடுகள் பம்பைச் சோதிக்கச் சொல்வது 9.5 முதல் 11 வோல்ட்டில். சுவிட்சை அழுத்தியிருக்கும்போது அதற்கும் கீழே போனால் பாட்டரியையும் எர்த்தையும் முதலில் சரிசெய்யுங்கள்.

இவ்வளவும் பார்த்து, குற்றவாளி பம்ப் பக்கம்தான் என்று தெரிந்தால் கழற்றலாம். பாட்டரியின் நெகட்டிவை எடுத்துவிடுங்கள். கூரை மேலே இருக்கும் நிலையில், பின்சீட்டின் அடியையும் முதுகையும் கழற்றினால் நடுவில் தரையோடு பம்ப் உட்கார்ந்திருக்கும். ரிசர்வாயர் மூடியைத் திறந்து அழுத்தத்தை விட்டுவிட்டுத் திரும்ப மூடுங்கள். எந்த ஹோஸ் எந்தத் துவாரத்தில் என்று போட்டோ எடுத்ததோடு நிற்காமல் டேப் ஒட்டி எழுதியும் வையுங்கள். மாற்றிப் போட்டால் சுவிட்ச் தலைகீழாக வேலை செய்யும். பம்பைத் தாங்கும் கிரோமெட்டுகள், அதாவது ரப்பர் வளையங்கள், வயதாகி ஒட்டிக்கொண்டிருக்கும். சோப்புத் தண்ணீர் விட்டு ஆட்டி ஆட்டி எடுங்கள், நெம்பினால் கிழியும். ஹோஸ் முனைகளை உடனே மூடிவிடுங்கள்.

இப்போது பம்ப் மேஜைமேல். ஸ்பேனரை எடுப்பதற்கு முன்னால் ஒரு டம்ளரில் தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். ரிசர்வாயரில் மிஞ்சியிருக்கிற ஆயிலில் ஒரு சொட்டு அதில் விடுங்கள். எண்ணெய்போல் மேலே வட்டமாக மிதந்தால் பெரும்பாலும் ஆட்டோமேடிக் கியருக்கு ஊற்றும் ஏடிஎஃப். கரைந்து காணாமல் போனால் பிரேக் ஆயில். இந்தச் சொட்டுதான் அடுத்து எதில் கழுவுவது, எந்த ஓ-ரிங் (ஆயில் கசியாமல் அடைக்கும் ரப்பர் வளையம்) வாங்குவது, கடைசியில் எதை ஊற்றுவது என்று எல்லாவற்றையும் முடிவு செய்கிறது. கையேட்டில் என்ன போட்டிருக்கிறது என்று பார்ப்பது நல்லதுதான், ஆனால் அறுபது வருடத்தில் இந்தக் காரில் யார் எதை ஊற்றினார்கள் என்று கையேட்டுக்குத் தெரியாது.

பிரேக் ஆயில் ஏன் கூரைக்குள் வந்தது என்று கேட்பீர்கள். 1939-ல் பிளைமவுத் கொண்டுவந்த முதல் பவர் டாப் இன்ஜின் வேக்குவத்தில் வேலை செய்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு வந்த ஹைட்ராலிக் கூரைகளில் கையில் இருந்த ஆயிலைத்தான் ஊற்றினார்கள், அது பிரேக் ஆயில். ஜெனரல் மோட்டார்ஸின் ஹைட்ரோ-லெக்ட்ரிக் அமைப்பில் கூரை மட்டுமல்ல, ஜன்னல் கண்ணாடி, முன்சீட் எல்லாமே ஒரே பம்பின் பிரேக் ஆயிலில் ஓடின. கிளைக்கால் வகை பிரேக் ஆயில் காற்றிலிருக்கிற ஈரத்தை உறிஞ்சும். பிரேக்கில் அதை அவ்வப்போது மாற்றுகிறோம், கூரையில் யார் மாற்றினார்கள்? உறிஞ்சிய தண்ணீர் பம்பின் அடியில் தங்கி இரும்பைத் தின்றது. நான் ஒருமுறை 1950 பியூக் ஒன்றின் பம்பைத் திறந்தபோது, ரோட்டருக்கு நடுவில் ஈரமான காபித்தூள் போல ஒரு பொருள் அடைந்திருந்தது, விரலால் தேய்த்தால் நறநறவென்றது. அவ்வளவும் துரு. அந்தப் பம்பைக் காப்பாற்ற முடியவில்லை. ரோட்டரின் முகம் முழுக்கக் குழி. பின்னாளில் ஏடிஎஃப்-க்கு மாறியதற்கு இதுவே போதுமான காரணம். ஏடிஎஃப் ஈரத்தை இழுக்காது, கசிந்தால் பெயின்ட்டையும் உரிக்காது. அதில் வரும் தொல்லை வேறு: வருடக்கணக்கில் ஓடாமல் நின்றால் பசைபோல் தடித்து, காய்ந்த வார்னிஷாகி ரோட்டரை ஒட்டிவிடும். இது கழுவினால் போகிற நோய்.

சரி, திறக்கலாம். ரிசர்வாயர், பம்ப், மோட்டார் மூன்றின் மீதும் குறுக்காக ஒரு கோடு கீறிக்கொள்ளுங்கள், திரும்ப அதே நிலையில் பொருத்த அதுதான் வழிகாட்டி. கீழே ஓரம் உயர்ந்த தட்டு ஒன்றை வைத்து, அதில் வெள்ளைத் துணி விரித்து, அதன்மேல் வேலை செய்யுங்கள். ரிசர்வாயரைப் பிடித்திருக்கும் போல்ட்டை எடுத்தால் அது வந்துவிடும். சிலவற்றில் தகரம், சிலவற்றில் பிளாஸ்டிக். பிளாஸ்டிக் என்றால் வயதாகி நொறுங்கும், நெம்பாதீர்கள். அடுத்து பம்பின் மூடித்தகடு. அதன் ஸ்க்ரூக்களை எடுத்து, தகட்டை மெல்லத் தூக்குங்கள். நான் சொன்ன எஃகுக் குண்டுகள் இங்கேதான் உருண்டு ஓடும். அவை போக, மோட்டார் தண்டிலிருந்து உள் ரோட்டருக்குச் சுழற்சியைக் கொடுக்கவும் பல ஜிஎம் பம்ப்களில் ஒரு குட்டிக் குண்டு உண்டு, கடுகுக்குக் கொஞ்சம் பெரிதாக. வெள்ளைத் துணி அதற்காகத்தான். ரோட்டர்களின் எந்த முகம் மேலே இருந்தது என்று மார்க்கரால் புள்ளி வையுங்கள்.

ரோட்டர்கள் வர மறுத்தால் சுத்தியலை எடுக்காதீர்கள். முதலில் ஒரு கேள்விக்குப் பதில் தெரிய வேண்டும்: இறுகியிருப்பது பம்பா, மோட்டாரா? மோட்டாரையும் பம்பையும் பிரித்து, ஒவ்வொன்றையும் தனியாக விரலால் சுற்றிப் பாருங்கள். பம்ப் ஜாம் என்று கொண்டுவந்தவற்றில் பம்ப் சும்மா சுற்ற, மோட்டார் தண்டு, அதைத் தாங்கும் புஷ்ஷில் துருப்பிடித்து நின்றதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். காரணம் ஆயில் அல்ல, மழை. கூரை மடங்கி உட்காரும் குழியில் தண்ணீர் இறங்கி, வடிகால் அடைத்து, பம்ப் இருக்கும் இடத்தில் தேங்கியிருக்கும். ஆக, உள்ளிருந்து வந்த இறுக்கமா, வெளியிலிருந்து வந்த இறுக்கமா என்பதுதான் முழு ரிப்பேரின் திறவுகோல். இரண்டுக்கும் மருந்து வேறு.

உள்ளே இறுகியது என்றால், டம்ளரில் பார்த்த சொட்டை நினைத்துக்கொள்ளுங்கள். மிதந்ததா? மண்ணெண்ணெயில் ஓரிரவு ஊறவையுங்கள், வார்னிஷ் இளகும். கரைந்ததா? மண்ணெண்ணெய் அதைத் தொடாது. வெந்நீரிலும் பிறகு ஸ்பிரிட்டிலும் கழுவ வேண்டும், கழுவியதும் காற்றடித்து உடனே காயவைக்க வேண்டும், இல்லையென்றால் புதுத்துரு வரும். ஹாட் ஏர் கன்னால் பம்பின் உடம்பைக் கை பொறுக்கும் சூட்டுக்குக் கொண்டுவந்தால் இரண்டு வகைப் பிசினும் சீக்கிரம் விடும். மண்ணெண்ணெய் இருக்கும்போது ஹீட்டரை அருகில் கொண்டுபோகக் கூடாது என்று சொல்ல வேண்டியதில்லை. ஓ-ரிங்குகளை முதலிலேயே எடுத்துவிடுங்கள், அவை எப்படியும் குப்பைக்குத்தான் போகின்றன.

ரோட்டர் வெளியே வந்ததும் முகத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். பழுப்புக் கறை பரவாயில்லை. கண்ணாடித் துண்டு ஒன்றின்மேல் 1000 நம்பர் வாட்டர் பேப்பரை வைத்து, சில சொட்டு ஆயில் விட்டு, எட்டு போடுவதுபோல் லேசாகத் தேய்த்தால் போய்விடும். கறை போனதும் நிறுத்திவிடுங்கள். ரோட்டர் முகத்துக்கும் மூடித்தகட்டுக்கும் நடுவில் இருக்கிற இடைவெளி மயிரிழைதான், அழுத்தம் உருவாவதே அந்த மயிரிழையால்தான். பளபளப்பாக்கப் போய் உலோகத்தைத் தேய்த்துவிட்டால் பம்ப் அழகாகச் சுற்றும், கூரையை மட்டும் தூக்காது. நகத்தை ஓட்டினால் தட்டுப்படுகிற குழியோ கீறலோ இருந்தால் அந்த ரோட்டருக்கு ஆயுள் முடிந்தது. அப்போது புது பம்ப் வாங்குவதில் வெட்கம் ஒன்றுமில்லை. 1965-ல் இம்பாலா பத்து லட்சத்துக்கும் மேல் விற்றது. அதனால் இந்தக் காருக்குப் புதிதாகச் செய்த பம்ப், சிலிண்டர், ஹோஸ் எல்லாமே கிடைக்கின்றன.

மோட்டார் பக்கம் வருவோம். நீள போல்ட்டுகளை எடுத்து மூடியைக் கழற்றினால் சுற்றும் பாகமான ஆர்மேச்சர் வெளியே வரும். உள்ளே ஆயில் நனைந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். நனைந்திருந்தால் தண்டு வழியாக சீல் கசிகிறது, ஆர்மேச்சருக்குக் கரண்ட் கொடுக்கும் கார்பன் பிரஷ்ஷும் ஊறிப்போயிருக்கும். ஊறிய கார்பனைக் காயவைத்துப் பயனில்லை, மாற்றிவிடுங்கள். தண்டில் உள்ள துருவை மெல்லிய பேப்பரால் எடுத்துவிட்டு, வெண்கல புஷ்ஷைச் சுத்தம் செய்து, மெல்லிய இன்ஜின் ஆயிலில் ஓரிரவு போடுங்கள். அந்த புஷ் துளைத்துளையான உலோகம், ஆயிலைக் குடித்து வைத்துக்கொண்டு வருடக்கணக்கில் கசியவிடும். கம்யூட்டேட்டரை, அதாவது கார்பன் உரசும் செம்புப் பட்டைகளை, தேய்க்க மணல் பேப்பர்தான், எமரி கூடாது. எமரியின் துகள் கரண்டைக் கடத்தும், பட்டைகளுக்கு நடுவில் மாட்டினால் ஷார்ட். தேய்த்தபின் பல்குச்சியால் ஒவ்வொரு இடுக்கையும் சுரண்டிவிடுங்கள். மல்டிமீட்டரில் கம்யூட்டேட்டர் பட்டைக்கும் தண்டுக்கும் தொடர்பு இருக்கக் கூடாது. சிவப்பு வயருக்கும் பச்சை வயருக்கும் காயில் வழியாகத் தொடர்பு கட்டாயம் இருக்க வேண்டும். ஒன்று அறுந்திருந்தால் கூரை எழும், இறங்காது. அல்லது இறங்கும், எழாது.

மோட்டாரைத் திரும்ப மூடியதும் பம்போடு சேர்க்காமல் தனியாக ஓட்டிப் பாருங்கள். வைஸில் லேசாகப் பிடித்து, உடம்பில் நெகட்டிவ், சிவப்பில் பாசிட்டிவ், நடுவில் ஒரு ஃப்யூஸ். கிளம்பும்போது கையை உதறிவிடும், அதனால் வெறும் கையில் பிடித்துக்கொண்டு செய்யாதீர்கள். பிறகு பச்சையில் தொட்டால் எதிர்ப்பக்கம் சுற்ற வேண்டும். பத்து வருடத்துக்குப் பிறகு ஒரு மோட்டார் இரண்டு பக்கமும் சத்தமில்லாமல் சுற்றுவதைப் பார்க்கும்போது வரும் சந்தோஷம் எனக்கு இன்னும் குறையவில்லை.

ஓ-ரிங் விஷயத்தில் அலட்சியம் வேண்டாம், நான் நேரம் இழந்தது இங்கேதான். ஏடிஎஃப் ஊற்றப்போகிறீர்கள் என்றால் நைட்ரைல் ரப்பர். பிரேக் ஆயில் என்றால் ஈபிடிஎம். இரண்டும் கறுப்பு, இரண்டும் ஒரே அளவு, கையில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் தெரியாது. ஒருமுறை டப்பாவில் கலந்து கிடந்ததில் ஈபிடிஎம் ஒன்றை எடுத்து ஏடிஎஃப் பம்பில் போட்டுவிட்டேன். மூன்று வாரத்தில் கசிவு. திறந்து பார்த்தால் ஊறவைத்த கொண்டைக்கடலை போல் உப்பி, நகம் பட்டால் பிய்ந்துவந்தது. அன்றிலிருந்து தனித்தனி டப்பா, மேலே பெரிய எழுத்தில் பெயர். இதே தர்க்கம் சிலிண்டருக்கும் ஹோஸுக்கும் பொருந்தும். உங்கள் சொட்டு தண்ணீரில் கரைந்தது என்றால், பம்பை மட்டும் மாற்றி ஏடிஎஃப் ஊற்றக் கூடாது. பழைய சிலிண்டருக்குள் இருக்கிற ரப்பர் உப்பிவிடும். ஒன்று, சிலிண்டர், ஹோஸ் எல்லாவற்றையும் ஒரேயடியாக ஏடிஎஃப்-க்கானதாக மாற்றுங்கள். அல்லது, எல்லாவற்றையும் ஸ்பிரிட்டில் நன்றாகக் கழுவிக் காயவைத்து, டாட் 5 சிலிக்கான் பிரேக் ஆயில் ஊற்றுங்கள். அது பழைய ரப்பரோடு ஒத்துப்போகும், ஈரம் இழுக்காது, பெயின்ட்டைத் தொடாது. டாட் 5.1 என்று ஒன்று கடையில் பக்கத்திலேயே இருக்கும், அது கிளைக்கால் வகை, ஏமாந்துவிடாதீர்கள். நான் உங்கள் இடத்தில் இருந்தால் முதல் வழியில் போவேன். அறுபது வருடச் சிலிண்டருக்கு இன்னும் எத்தனை நாள் என்று யாருக்குத் தெரியும்? பம்ப் பழைய பலத்துக்கு வந்ததும், சும்மா கிடந்த சிலிண்டர் சீல் முதல் வாரத்திலேயே கசிவது வழக்கம். அவற்றின் வாய் பெரும்பாலும் மடித்து அடைத்திருப்பதால் திறந்து சீல் மாற்றவும் முடியாது. மாற்றினால் இரண்டையும் சேர்த்து மாற்றுங்கள்.

திரும்பச் சேர்க்கும்போது ஒவ்வொரு பாகத்தையும் ஊற்றப்போகிற ஆயிலிலேயே நனைத்துப் போடுங்கள். ஏடிஎஃப் என்றால் குட்டிக் குண்டு உருளாமல் இருக்க அதன் குழியில் துளி வாசலின் தடவலாம். மூடித்தகட்டின் ஸ்க்ரூக்களைக் குறுக்கும் நெடுக்குமாகக் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்கி, ஒவ்வொரு சுற்றுக்கும் தண்டை விரலால் சுற்றிப் பாருங்கள். எங்கே இறுகுகிறதோ அங்கே ஏதோ ஒரு துகள் உட்கார்ந்திருக்கிறது. திறந்து துடைத்துவிட்டு மறுபடி முடுக்குங்கள். காரில் ஏற்றும் முன்னால் இரண்டு துவாரத்துக்கும் நடுவில் உள்ளே இருப்பது தெரியும் ட்யூப் ஒன்றை மாட்டி, ரிசர்வாயரில் ஆயில் ஊற்றி, சில விநாடி ஓட்டினால் ஆயில் ஓடுவதையும் குமிழ் வெளியேறுவதையும் கண்ணாலேயே பார்க்கலாம். பிரஷர் கேஜ் கிடைத்தால் இரண்டு பக்கமும் அளந்துவிடுங்கள். ஃபிஷர் கையேடு எதிர்பார்ப்பது 340 முதல் 380 பிஎஸ்ஐ. ஒரு பக்கம் நன்றாக வந்து மறுபக்கம் குறைந்தால் குண்டு உட்காரும் இடத்தில் அழுக்கு. இரண்டு பக்கமும் குறைவு என்றால் ரோட்டர் தேய்ந்துவிட்டது.

காரில் பொருத்தியபின் காற்றை வெளியேற்ற வேண்டும். ரிசர்வாயர் மூடியின் இடத்தில் ட்யூப் மாட்டிய இன்னொரு மூடியைப் போட்டு, ட்யூபின் மறுமுனையை ஆயில் நிரம்பிய ஒரு ஜாடியில் முக்கி வையுங்கள். கூரையை ஏற்றி இறக்கும்போது பம்ப் தனக்கு வேண்டியதை ஜாடியிலிருந்து குடிக்கும், காற்றைக் குமிழாகத் துப்பும். குமிழ் நிற்கும்வரை செய்யுங்கள், ஆனால் நடுநடுவே மோட்டாரை ஆறவிட்டு. கூரை முழுக்க எழுந்து நின்றதும், அல்லது மடங்கி உட்கார்ந்ததும் உடனே சுவிட்சை விட்டுவிடுங்கள். கடைசியில் கூரை மேலே இருக்கும்போது ஆயில் மட்டம் நிரப்பும் துவாரத்தின் கீழ் விளிம்புக்குக் கால் அங்குலத்துக்குள் இருக்க வேண்டும்.

பின்சீட்டை அவசரப்பட்டு மாட்டாதீர்கள். பம்புக்கு அடியிலும் இரண்டு சிலிண்டருக்கு அடியிலும் வெள்ளைத் தாள் விரித்து ஒரு வாரம் விடுங்கள், தினமும் ஒருமுறை கூரையை ஏற்றி இறக்குங்கள். எந்தத் தாளில் கறை விழுகிறதோ அங்கே நட்டையோ சீலையோ பார்க்க வேண்டும். அந்த வாரத்திலேயே இன்னொரு வேலையும் இருக்கிறது. கூரை மடங்கும் குழியில் ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றி, அது காருக்கு அடியில் எங்கே வந்து சொட்டுகிறது என்று குனிந்து பாருங்கள். சொட்டாமல் உள்ளேயே நின்றால், உங்கள் பம்பை இறுக்கியது எது என்று கண்டுபிடித்துவிட்டீர்கள். ஒல்லியான வயரை விட்டு வடிகாலில் இருக்கிற சருகையும் மண்ணையும் இழுத்துவிடுங்கள், பின்கண்ணாடி ஓரத்து ரப்பரையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள். ஹூஸ்டன் மழைக்கு இது அவசியம். டம்ளரில் விட்ட சொட்டு மிதந்ததா, கரைந்ததா என்று எழுதுங்கள். அதை வைத்து ஓ-ரிங், சிலிண்டர் வாங்கும் பட்டியலைச் சேர்ந்தே போட்டுவிடலாம்.